நிராகரிக்கப்பட்டவை

பன்னிரண்டு எழுத்து. ஒன்றேனும் பெரிதாக.
ஓர் எண். ஒரு குறி.
பயனர் பெயர் உள்ளே ஒளிந்திருக்கக் கூடாது.
பழைய ஐந்தில் எதுவும் திரும்பக் கூடாது.

எழுத்தில் பெரிது சிறிது பார்க்காத மொழியில்
அ, ஆ படித்த நான்தான்
பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைத் தரவுதளத்துக்கு
நேற்று இந்தச் சட்டம் போட்டேன்.

சோதிக்கவென்று வைத்த ஒரு வரியை
அழிக்க மறந்துபோனேன்.
தோற்ற சொற்களையெல்லாம்
இரவு முழுக்கப் பதிவேட்டில் கொட்டியிருக்கிறது அது.

காலை ஆறு. பாலத்துப் பக்கம் மழை.
பையில் கட்டிய கோப்பி ஓ ஆறுகிறது.
படிக்கக் கூடாது.
படித்தேன்.

கணக்குப் பிரிவு ரொஹானா: மகன் பெயர், பிறந்த ஆண்டு.
தர ஆய்வு லிம்: ஒரு கார் எண்.
மேலாளர்: ஒன்று முதல் எட்டு வரை, வரிசை பிசகாமல்.
யாரோ என்னைத் திட்டியிருந்தார்,
ஆச்சரியக்குறியை மட்டும் ஒழுங்காகப் போட்டு.

கிடங்கு, மூன்றாம் ஷிப்ட், இன்பசேகர்.
இருமுறை பேசியிருப்போம், ஸ்கேனர் பழுதானபோது.
முதல் முயற்சி: குமுதினி.
என் பெயர்.
நீளம் போதாது.
அடுத்தது அதே பெயர், பின்னால் மூன்று எண்கள்.
பெரிய எழுத்து இல்லை.
மூன்றாவதில் என் முதலெழுத்து நிமிர்ந்து நின்றது.
குறி இல்லை.

நான்காவது வென்றுவிட்டது.
வென்றவை பதிவாவதில்லை.

வரியை நீக்கினேன், பதிவேட்டையும்.
தொண்ணூறு நாளில்
எப்படியும் அவர் மாற்றியாக வேண்டும்.
அதுவும் நான் போட்ட சட்டம்தான்.