இடப்பக்கம்

கியர்பாக்ஸ் பழுதுபார்க்க வந்த ஸ்காட்லாந்துக்காரர்
ஊருக்குப் போகையில் ஜீப்பில் விட்டுப்போன குறுந்தகடு.
அட்டையில் ஒரு பெண், ஒரு ஆண்,
பின்னால் மழையில் நனைந்த குன்று.
பணகுடி மலைக்கு மொட்டை போட்டாப்ல இருக்கு
என்றான் கித்தேரியான்.

ஜீப்பில் இடப்பக்க ஸ்பீக்கர் செத்து இரண்டு வருசம்.
எங்களுக்குக் கேட்டதெல்லாம் அவள் குரல்தான்.
இங்கிலீஷ் மாதிரி இருக்கும், பிடிபடாது.
வைகாசி தொடங்கி ஆடி முடிய
பழவூர், லெவிஞ்சிபுரம், இருக்கன்துறை,
காற்றாலை காற்றாலையாக
அவளை ஏற்றிக்கொண்டு அலைந்தோம்.

நாலு வரி பாடுவாள். நிறுத்துவாள்.
வெகுநேரம் ஒன்றும் இராது.
தகட்டில் கீறல் என்றேன்.
'இல்லலே, கடலுக்குப் போனவன் வாரானான்னு பாக்கா.'
உவரிக்காரன் வேறென்ன சொல்வான்.

போகப்போக அந்த இடைவெளிகளில் நாங்கள் குடியேறினோம்.
முதல் பாட்டில் பீடி பற்ற வைப்பான்.
மூன்றாவதில் தங்கச்சி கல்யாணக் கடன், அதன் வட்டி.
ஆறாவதில், ஒரே ஒரு நாள்,
அண்ணன் வள்ளம் கவிழ்ந்த ராத்திரி.
அவன் முடிக்கவும் அவள் தொடங்கவும்
சரியாக இருந்தது.

ஆவணியில் பேட்டரி மாற்ற வள்ளியூர் போனோம்.
மெக்கானிக் ஞானதுரை, யாரும் கேட்காமலே,
ஒரு ஒயரைச் சுரண்டி முறுக்கி ஒட்டினான்.
'ஆளுக்கொரு பக்கமாப் பிரிச்சுல்லா பதிஞ்சிருக்கான்' என்றான்.

வயலின்.
அவள் நிறுத்திய இடமெல்லாம் அவன்.
கச்சேரி வயலினுக்குத் தூரத்துச் சொந்தம்,
அரிவாள் தீட்டுவதுபோல் கரகரத்து
சட்டென்று ஆட்டுக்குட்டியாய்த் துள்ளி ஓடுகிறது.
அவள் கடலைப் பார்க்கவே இல்லை.
பக்கத்தில் நின்றவனைக்
கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

காவல்கிணறு விலக்கு வரை ஒருவரும் பேசவில்லை.
பேச இடமில்லை.
ஆறாவது பாட்டு வந்தது.
அண்ணன் வள்ளம் கவிழ்ந்த இடத்தில்
யாரோ ஒருவன் வில்லை இழுத்துக்கொண்டிருந்தான்.
நன்றாகத்தான் இழுத்தான், அதுதான் சங்கடம்.
கித்தேரியான் பீடியை எடுத்தான்,
பற்ற வைக்காமல்
காதில் செருகிக்கொண்டான்.

மறுநாள் நாற்பத்தேழாம் எண் காற்றாலை.
அவன் மேலே, நான் கீழே. எண்பது மீட்டர்.
வாக்கிடாக்கியில்
'பிரேக் பூட்டியாச்சா?'
'பூட்டியாச்சு.'
அப்புறம் வெறும் இரைச்சல், வெகுநேரம்.
பட்டனில் விரல் வைத்தேன்.
அழுத்தவில்லை.
அந்தப் பக்கம் என்ன ஓடிக்கொண்டிருக்கிறதோ.