மின்கட்டண ரசீதின் பின்பக்கம்

மூன்று நேர்காணலில்
ஒரே இடத்தில் தோற்றிருக்கிறேன்.
ஜி.எஸ்.டி. கேட்டார்கள், சொன்னேன்.
டேலி கேட்டார்கள், தட்டிக் காட்டினேன்.
எல்லாம் முடிந்து
நாற்காலி சற்றே பின்னால் நகரும் நேரத்தில்
'நீங்க எதாவது கேக்கணுமா?' என்பார்கள்.
'ஒண்ணும் இல்ல சார்.'

அந்த 'ஒண்ணும் இல்ல'வை
தேவகோட்டைக் கல்யாண மண்டபத்து ஆபீசில்,
காரைக்குடி நகைக்கடை மாடியில்,
செக்காலை ரோட்டு ஸ்கேன் சென்டரில்
வைத்துவிட்டு வந்திருக்கிறேன்
மறந்த குடையைப் போல.
யாரும் கூப்பிட்டுக் கொடுக்கவில்லை.

இன்று புதுவயல்.
அரிசி ஆலையில் கணக்கு எழுத ஆள் வேண்டுமாம்.
பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது.
மின்கட்டண ரசீதின் பின்பக்கம்
நேற்றிரவு எழுதிய ஏழு கேள்விகளைப் பிரித்தேன்.

சம்பளம் எவ்வளவு?
அவர்களே சொல்வார்கள். அடித்தேன்.

நிறுவனத்தின் தொலைநோக்கு என்ன?
யூடியூபில் டை கட்டிய ஒருவர் சொல்லித் தந்தது.
நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைக்கிறவரிடம்
தொலைநோக்கு கேட்டால்
பொங்கல் வரைக்கும் என்பார்.
அடித்தேன்.

வளர வாய்ப்பு உண்டா?
உண்டு என்பதைத் தவிர
எந்த முதலாளி என்ன சொல்லிவிடப் போகிறார்.
ஒரே பதில்தான் உண்டு என்றால்
அது கேள்வியில்லை, கும்பிடு.
அதையும் அடித்தேன்.

நாலாவதில் தோசை எண்ணெய் பட்டு
எனக்கே படிக்க வரவில்லை.

கோட்டையூரில் மூன்று மிச்சம்.
மடியில் மிக்ஸி ஜாரோடு பக்கத்தில் இருந்தவர்
எட்டிப் பார்த்துக் கேட்டார்:
'பரீட்சையாம்மா?'
'ஆமா. அவங்களுக்கு.'

அவித்த நெல்லின் வாசம்
சர்டிஃபிகேட் உறைக்குள்ளும் ஏறியிருந்தது.
மேலாளர் சாத்தப்பன்.
அடுத்த நாற்காலியில் முதலாளி வீட்டு மருமகள் தேனம்மை.
ஈ-வே பில், மூட்டைக் கணக்கு,
குருணைக்கும் தவிட்டுக்கும் தனி லெட்ஜர்.
எல்லாம் கேட்டார்கள்.
பிறகு அது வந்தது.
'நீங்க எதாவது கேக்கணுமா?'
சொல்லும்போதே பேனாவை மூடினார்.

'ஒண்ணும்' வரைக்கும் வாயில் வந்துவிட்டது.
பாதியில் பிடித்துத் திருப்பினேன்:
'ஒண்ணு... ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார்.
இந்த சீட்டுல எனக்கு முன்னால இருந்தவங்க
ஏன் போனாங்க?'

வெளியே சலிப்பு இயந்திரம்
தன்பாட்டுக்கு ஓடியது.
சாத்தப்பன் தேனம்மையைப் பார்த்தார்.
தேனம்மை காலண்டரைப் பார்த்தார்.
'கல்யாணம்' என்றார் அவர்.
'இல்லண்ணே. கல்யாணம் அதுக்கு அடுத்த வருஷம்.'
பிறகு என்னிடம்:
'லேடீஸ் பாத்ரூம் சாவி
கோடவுன் ஆள்கிட்ட இருக்கும்.
அவர் லோடு ஏத்தப் போனா
வர்றதுக்கு ரெண்டு மணி நேரம்.
பவுலின் எட்டு மாசம் பொறுத்துப் பாத்துச்சு.
காலையில இருந்து தண்ணியே குடிக்காது.'

ரசீதில் இல்லாத கேள்வி
எனக்கு முன்னால் எழுந்து நின்றது:
'இப்ப அந்தச் சாவி யார்கிட்ட இருக்கு?'

இரண்டு பேருக்கும் தெரியவில்லை.
மணி அடித்தார்கள். பையன் ஓடினான்.
குரல் மாறிக் குரல் கோடவுன் வரை போய்
சணல் கயிற்றில் கட்டிய சாவி ஒன்று
உமித்தூசியோடு வந்தது.
கூடவே அதன் ஆள்,
'யாருக்கு வேணும்?' என்றபடி.

மேஜைக் கண்ணாடியின் மேல் கிடந்தது சாவி.
கோடவுன் ஆள் கை நீட்டினார்.
'இங்கேயே இருக்கட்டும்' என்றார் தேனம்மை.
அவரும் அதைத் தொடவில்லை.

'சொல்லி அனுப்புறோம்.'

கூப்பிடுவார்களா, தெரியாது.
கூப்பிட்டால் போவேனா என்பதும்
முதன்முறையாகத் தெரியாது.
நிறுத்தத்தில் நின்று
ஒரு பாட்டில் தண்ணீரை
முழுசாகக் குடித்தேன்.

கழனிவாசல் நெருங்கும்போதுதான்
உறைத்தது.
சம்பளத்தை அவர்களும் சொல்லவில்லை.
ரசீதை மறுபடி பிரித்து
அடித்த கோட்டுக்குப் பக்கத்திலேயே
முதல் கேள்வியைத்
திரும்ப எழுதினேன்,
கொஞ்சம் பெரிதாக.