மூன்றாவது வளைவு

ஆறு மாதம் பூட்டிவைத்துப் புதுப்பித்த பேய்வீட்டை
இன்று திறக்கிறார்கள்.
மோனங்கஹீலா ஆற்றுக்கு மேலே, குன்றின் விளிம்பில்,
எஃகு ஆலை மூடிய பிறகும் மூடாத பூங்கா.
வரிசையில் எங்களுக்கு முன்னால் நூற்றுப் பதினாறு பேர்.
எண்ணியது லுட்மிலா. அவள் எதையும் எண்ணுவாள்,
பல் மருத்துவரிடம் கணக்கு எழுதுகிறவள்.

வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள்
பழைய எலும்புக்கூடு.
ஓய்வு கொடுத்துவிட்டார்களாம்.
பகலில் பார்த்தால் காகிதக்கூழ், குழாய்,
இடுப்பில் ஒரு சைக்கிள் செயின்.
காலடியில் பித்தளைத் தகடு:
பணிக்காலம் நாற்பத்தொரு ஆண்டு.
எங்கள் அப்பாவுக்கு ஆலையில் முப்பத்திரண்டு.
தகடு கிடையாது.

"இதுவா உன்னை அழவைத்தது, ஓல்கா?"
"அழுதது நீ."
முப்பத்தெட்டு வருடச் சண்டை இது.
ஒவ்வொரு கிறிஸ்துமஸ் இரவும்
முட்டைக்கோஸ் சூப்புக்கும் மீனுக்கும் நடுவே
தவறாமல் பரிமாறப்படுவது.

அன்று எனக்கு ஏழு, அவளுக்கு ஒன்பது.
வண்டி வெளிச்சத்துக்கு வந்தபோது
இருக்கை நனைந்திருந்தது,
இருவர் பாவாடையும் நனைந்திருந்தன.
அம்மா கேட்கும் முன்பே
அவள் விரல் என்னைக் காட்டியது.
அந்தச் சாயங்காலம் முழுக்க
அப்பாவின் சட்டையை இடுப்பில் சுற்றிக்கொண்டு
பஞ்சுமிட்டாய் இல்லாமல் நின்றேன்.
சில வருடங்களில்
நானாகத்தான் இருக்கும் என்று
எனக்கே தோன்ற ஆரம்பித்தது.

புதிய வண்டி சத்தம் போடுவதில்லை.
மடிமேல் கம்பி இறங்கிக் க்ளிக் என்றது.
முகமில்லாத கன்னியாஸ்திரி,
கழுத்தில் குளிர்காற்று,
காதருகே யாரோ மூச்சுவிடும் ஒலி.
எல்லாம் நொடி பிசகாமல் வந்தன,
பல் மருத்துவரிடம் முன்பதிவு செய்ததுபோல.
லுட்மிலா கொட்டாவி விட்டாள்.
இருட்டிலும் அது எனக்குக் கேட்டது.

மூன்றாவது வளைவில் வண்டி நின்றது.
'தயவுசெய்து அமர்ந்திருங்கள்' என்றது ஒலிபெருக்கி,
பேயின் குரல் அல்ல,
சளி பிடித்த ஒரு பையனின் குரல்.
பிறகு டியூப்லைட்டுகள்,
ஒவ்வொன்றாக, தயங்கித் தயங்கி.

கறுப்பு அடித்த ஒட்டுப்பலகை. திருகுகள்.
தீயணைப்பு உருளை.
யாரோ வைத்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பாவும்
பழுப்பேறிய ஆப்பிள் பாதியும்.
கன்னியாஸ்திரி பாதிக் குனிவில் நின்றிருந்தாள்,
அங்கியின் கையில் விலைச்சீட்டு.
முன் வண்டியிலிருந்து ஒரு குழந்தை அறிவித்தது:
"அப்பா, பேய்க்குப் பிளக் இருக்கு!"

லுட்மிலா திருகுகளை எண்ணிக்கொண்டு வந்தாள்.
இருபத்திரண்டில் நின்றாள்.
இரண்டு புதுப் பலகைகளுக்கு நடுவே
கையகல இடைவெளி.
அதில் பழைய சுவர்,
அன்றைய அதே பாசிப் பச்சை.

"நான்தான்" என்றாள்.
"என்ன?"
"ஈரம்."

அந்த வெளிச்சம் எதையும் மன்னிப்பதாயில்லை.
சாயம் போன தலைமுடியின் வேர்,
உதட்டோரத்துச் சிறு நடுக்கம், எல்லாம் தெரிந்தது.
முப்பத்தெட்டு வருடமாகத் தீட்டிவைத்த பதில்
என்னிடம் ஒன்று இருந்தது.
தேடினேன், கிடைக்கவில்லை.
கிடைத்தது வேறொன்று:
இத்தனை நாள் நான் உடுத்தியிருந்த ஈரம்
இப்போது என்னுடையது.
அதைத் திருப்பிக் கொடுக்க
எனக்கு மனமில்லை.

"இல்லை, நான்தான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு
ஒரு பேர் வைப்பதற்குள்
விளக்குகள் அணைந்தன. வண்டி குலுங்கியது.
கன்னியாஸ்திரி மிச்சக் குனிவையும் குனிந்து முடித்தாள்.
யாரோ கத்தினார்கள்.

வெளியே, திரையில் எங்கள் படம்:
இரண்டு வாய்களும் திறந்திருக்கின்றன.
கத்தியது யார் என்று சொல்ல முடியாது.
பன்னிரண்டு டாலர். அநியாயம் என்றாள்,
சில்லறைவரை எண்ணிக் கொடுத்தாள்,
கைப்பையில் நேராக வைத்துக்கொண்டாள்.

"டிசம்பருக்கு" என்றாள்.
"சூப்புக்கும் மீனுக்கும் நடுவே
ஏதாவது வேண்டுமே."