கடைசி எண்

பிப்ரவரிப் புயலில் விழுந்தது
துறைமுகத் தெரு மூலைக் கட்டடத்தின் கடைசி எண்.
முகப்பில் ஒன்று, எட்டு, எட்டு நின்றன.
நான்காவது,
ரொட்டிக்கடை வேனின் கூரையைக் குழியாக்கிவிட்டு
உடையாமல் கிடந்தது சாக்கடையோரம்.

சுட்ட மண் எண்.
கைக்குழந்தையின் கனம்.
இப்படிப் பிடித்தால் ஆறு.
திருப்பிப் பிடித்தால் ஒன்பது.

ஒன்பதுதான் என்றார் மீன் வறுவல் கடை டெஸ்மண்ட் ஹார்க்னஸ்,
நாற்பது வருடம் எதிரிலேயே நின்று
எண்ணெய்ப் புகை வழியாகப் பார்த்த தைரியத்தில்.
ஆறு என்றாள் பழந்துணிக்கடை பெரில்.
அவளுடைய கல்யாணப் படத்திலேயே இருக்கிறதாம்.
என்ன,
மாப்பிள்ளையின் தொப்பி பாதியை மறைக்கிறது.
நகரசபை ஒரு படிவம் அனுப்பியது.

அதுவரை நாங்கள் அண்ணாந்து பார்க்காத சுவர்.
முதலில் கயிறும் தாரும் விற்றார்கள் அங்கே,
பிறகு நாற்காலி,
பிறகு தவணையில் தொலைக்காட்சி.
இப்போது கீழே கைபேசித் திரை மாற்றுகிறார்கள்,
மாடியில் பல் பிடுங்குகிறார்கள்.
கடலைப் பார்த்த பக்கத்துச் செங்கல்லை மட்டும்
உப்பு நக்கி நக்கி
சோப்புக்கட்டி போல உருட்டியிருக்கிறது.

ஏப்ரலில் சாரம் கட்டினார்கள்.
சுண்ணாம்புக் கலவை வாளியோடு ஏறினாள் ரோவீனா கேட்ச்போல்.
எண்ணை மடியில் கிடத்திப் பழைய பூச்சைச் சுரண்டினாள்.

தலையில் ஓர் ஆணித் துளை.
வாலிலும் ஒன்று.
இரண்டிலும் துரு.

அப்படியானால் இது முன்பும் விழுந்திருக்கிறது.
யாரோ ஒருவன், ஏதோ ஒரு குளிர்காலத்தில்,
விரல் விறைக்க விறைக்க
இதே போல் திருப்பித் திருப்பிப் பார்த்து
மாட்டிவிட்டு இறங்கியிருக்கிறான்.
கூலி வாங்கியிருப்பான்.

கீழே கழுத்து வலிக்க நின்றார்கள் இருவரும்.
பந்தயம் பத்து பவுண்டு.

ஒன்பது ஏறியது.
கைதட்டினோம்.
ஒரே மதியத்தில் மூன்று வயது குறைந்தது கட்டடத்துக்கு.
எனக்கும் அந்த ஆணியை அடித்துவிடேன் என்று
சாரத்தைப் பார்த்துக் கத்தினாள் பெரில்.

நவம்பரில்தான் சொன்னாள் ரோவீனா, மதுக்கடையில்,
கோட்டைக்கூடக் கழற்றாமல்:
எந்தத் துளையில் ஆணி ஆடாமல் நின்றதோ
அதில் அடித்தேன்.

டெஸ்மண்ட் பணத்தைத் திருப்பித் தரவில்லை.
பெரிலும் கேட்கவில்லை.
வெள்ளிக்கிழமைகளில் அவளுடைய பொட்டலத்தில்
ஒரு துண்டு மீன் கூடுதலாக இருக்கிறது.

வேனின் குழியை இன்னும் நிமிர்த்தவில்லை.
மழை பெய்தால் அதில் தண்ணீர் நிற்கும்.
ஒரு கடற்காகம் வந்து குடிக்கும்,
தலையைத் தூக்கி
முகப்பைப் பார்ப்பது போலப் பார்த்து
விழுங்கும்.