மூன்றாம் பாதம்

எங்கள் வரிசையில் ஜிம்மி என்று கூப்பிட்டால்
ஐந்து வாசலிலிருந்து ஐந்து வால் வரும்.
டைகர் மூன்று.
ரோக்கி, செத்ததைச் சேர்க்காமல், நான்கு.
அதனால்தான் குணாளன்
ஊரில் இல்லாத பேராக வேண்டும் என்றார்.
அதுவும் முறைப்படி.

மார்கழித் திருவாதிரை.
ஊத்தான் மெலிந்தாங்கில் மூன்று நாளாய்
மழை விட்டபாடில்லை.
செம்பனை ஆலையில், உரமூட்டைகளுக்குப் பின்னால்,
நான் கணக்கெழுதும் எடைமேடைப் பெட்டை
நாலு குட்டி போட்டது. நாலும் ஆண்.

மளிகைக்கடை நாள்காட்டியின் பின்னட்டையில்
திருவாதிரைக்கு நாலெழுத்து:
கு, க, ங, ச.
பாதத்துக்கு ஒன்று, குட்டிக்கு ஒன்று.
கணக்கு இப்படி நேராய் விழுந்ததில்
குணாளனுக்கு ஒரே பெருமை,
தானே பெற்றதைப் போல.

முதல் குட்டி குபேரன். லாரிக்கார தேவசகாயம் தூக்கிப்போனார்.
அடுத்தது கஜமுகன், கோழிக்கடைக்கு.
கடைசிக்குச் சண்முகம் என்று வைத்ததில்
முடிவெட்டும் சண்முகம் கத்தரியோடு வந்து கத்தி,
சங்கிலி என்று மாற்றிக்கொண்டார்கள்.
மூன்றாவது மட்டும் பேரில்லாமல்
என் ரப்பர் பூட்சுக்குள் தூங்கியது.

ங.
தமிழ்ப்பள்ளிச் சுவரட்டையில்
ஙவுக்குச் சங்கு போட்டிருப்பார்கள்.
சங்கு எங்கே டீச்சர் ஙவில் தொடங்குது என்று கேட்டு
வெளியே நின்றவள் நான்.
முப்பத்தேழு வருஷம் கழித்து
அதே கேள்வி நாலு காலோடு வந்திருக்கிறது.

குணாளன் அகராதியை எடுத்தார்.
ககரத்துக்கும் சகரத்துக்கும் நடுவே
ஒரு பக்கம்கூட இல்லை, ஒரு மூலை.
ஙனம் என்று ஒன்று. அதுவும்
அங்ஙனம் இங்ஙனம் என்று
யார் தோளிலாவது தொற்றினால்தான் நிற்குமாம்.

காவலுக்கு இருந்த ரொஸ்லான்
எங்கள் மொழியில் நிறைய உண்டே என்றார்.
ஙந்தோக், தூக்கக் கலக்கம்.
ஙாங்ஙா, வாய் பிளப்பது.
காவல் நாய்க்கு வைக்கிற பேரா என்றார் குணாளன்.
ரொஸ்லான் ஒரு கொட்டாவியை
நடுவில் நிறுத்திக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை பெல்ட் வாங்க
உதிரிப்பாகக் கடைக்குப் போனவள்
நிமிர்ந்து பார்த்தேன்.
இருபது வருஷமாய் என் தலைக்கு மேலேயே
பலகையில் இருந்திருக்கிறது,
உயிரெழுத்தே வேண்டாத ஒரு குடும்பப் பேர்.
பாதி ஊர் அவரை என்ஜி என்போம்,
மீதி இங்கு, தபால்காரர் ஊங்.
தவுக்கே எல்லாவற்றுக்கும் திரும்புவார்.

நாய் விஷயத்தைச் சொல்லவில்லை.
சண்முகத்தின் கத்தரி ஞாபகமிருந்தது.
உங்கள் பேரை எப்படிச் சொல்லணும் என்று மட்டும் கேட்டேன்.
எண்ணெய்க் கையால் வாயைப் பொத்திக் காட்டினார்:
திறக்காதே. மூக்கால் விடு.

அன்றிரவு கரண்ட் போனது.
தகரக் கூரையில் மழை.
அடுப்படிக் கதவுக்கு வெளியே
வாயைத் திறக்காமல், மூக்கால்,
யாரோ பிழையில்லாமல் உச்சரித்தார்கள்:
ங்... ங்... ஙூ.

குணாளன் டார்ச் அடித்தார்.
அகராதிக்காரர் விட்டுப்போனது
வாசலில் நனைந்து நின்றது.

லைசென்சுக்குப் பத்து வெள்ளி கட்டப் போன இடத்தில்
முகப்பிலிருந்த பெண் பாரத்தைப் பார்த்து
இது உங்கள் பேரா, நாய் பேரா என்றாள்.
நாய் என்றேன்.
சீன நாயா?
திருவாதிரை என்றேன்.
எந்தக் கட்டத்தில் எதைக் குத்தினாளோ, தெரியாது.

இப்போது வீதியில் நின்று
உதட்டை ஒட்டிக்கொண்டு கூப்பிடுகிறோம்.
பக்கத்து வீட்டில் பல்வலியா என்கிறார்கள்.
அதுவும் சந்தேகமாய்ப் பார்த்துவிட்டு
சோற்றுத் தட்டு சத்தத்துக்குத்தான் வருகிறது.

தவுக்கேயிடம் இன்னும் சொல்லவில்லை.
போன வாரம் பெல்ட்டை மாற்றிக் கொடுக்க வந்தவர்
கேட்டுக்கு வெளியே நின்றபடி
போனில் யாரிடமோ
தன் பேரைச் சொன்னார்.

பின்கட்டிலிருந்து
காதெல்லாம் பறக்க
ஓடிவந்தது.