வெறும் வாளி

மாங்குளம் சந்தியில் நாலு றோட்டும்
ஒரே வெயிலில் கிடக்கின்றன.
கொமினிகேசனுக்குள் மின்விசிறி
ஒரு பக்கம் திரும்பினால்
திரும்பி வர மறந்துவிடுகிறது.
சுதேசன் அண்ணை மவுஸைப் பிடித்தபடி கேட்கிறார்:
"நாடகமும் அரங்கியலும். சரி.
முதலாவதா எதைப் போட?"

யாழ்ப்பாணம் என்றால்
ஏ-நைனில் இரண்டு மணித்தியாலம்.
விடியப் பஸ் பிடித்தால் தினமும் போய்வரலாம்,
இரவுச் சோற்றுக்கு வீட்டில் நிற்கலாம்.
அம்மாவுக்கு ஆடைத் தொழிற்சாலையில்
ஒன்றுவிட்டு ஒரு கிழமை இரவு வேலை.
தம்பி ஆதிரையன் ஆறாம் வகுப்பு,
தனியப் படுக்கப் பயம் என்று
வெளியே சொல்லாத வயது.

மட்டக்களப்பு என்றால்
வவுனியாவில் இறங்கி, ஹொரவப்பொத்தானை தாண்டி,
திருகோணமலையில் தேத்தண்ணி குடித்து,
பிறகும் முடியாத ஒரு பகல்.
பொங்கலுக்கு ஒருக்கால், தீபாவளிக்கு ஒருக்கால்.
அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு:
கொப்பியின் கடைசித் தாளில்
மேலிருந்து கீழாகக் கூட்டினேன்,
கீழிருந்து மேலாகவும் கூட்டினேன்.
தொகை குறையவில்லை.

இங்கே நான் ஒரு வாளியைப் பற்றிச் சொல்லவேண்டும்.

போன வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு
மட்டக்களப்பிலிருந்து ஒரு மாணவர் குழு வந்தது.
மேடை இல்லை. சைக்கிள் கொட்டகைக்குப் பக்கத்து மண்.
ஒருத்தி வெறும் வாளியோடு வந்தாள்.
இல்லாத கிணற்றில் இல்லாத கயிற்றை இழுத்து
வாளியை நிரப்பினாள்.
திரும்பி நடந்தபோது
வலது தோள் இறங்கியது,
இடது கை காற்றில் தள்ளி நின்றது,
கழுத்து நரம்பு ஒன்று புடைத்தது.
முன்வரிசைப் பெடியன் காலை இழுத்துக்கொண்டான்
நனைந்துவிடும் என்று.

முடிந்ததும் போய்க் கதைத்தேன். பெயர் வினோஜினி.
"ஒரு தவணை முழுக்க இதுதான்,
வாய் திறக்க விடேல்லை" என்று சிரித்தாள்.
"சேர் ஒவ்வொரு நாளும் பாத்திட்டு
இன்னும் வெறும் வாளிதான் எண்டுவார்."

யாழ்ப்பாணத்தில் இது இல்லை என்று
எனக்கு யார் சொன்னது? ஒருவரும் இல்லை.
அங்கே படித்து வந்த எங்கள் ரீச்சர்
வரவு எடுக்கும் குரலிலேயே வகுப்பை அடக்குவா.
நான் பார்த்தது இதை. அவ்வளவுதான்.
பார்த்ததைப் பார்க்காததோடு நிறுக்க
எந்தக் கடையில் தராசு இருக்கிறது?

தூரம் போனவரெல்லாம் நடிகர் ஆனதில்லை.
மேடையில் அழத் தெரிந்தவளுக்கு
தம்பி இருட்டில் விழித்திருப்பது தெரியாமல் போனால்
அது என்ன படிப்பு என்றும் யோசித்தேன்.
பிறகு, உனக்காகத்தான் நின்றேன் என்று
இருபது வருடம் அவனுக்குச் சொல்லாமல் சொல்லுவேனே,
அந்த நடிப்பை எங்கே போய் மறப்பது?

"தங்கச்சி, பின்னால ஆள் நிக்குது."
நின்றவர் பிறப்புச் சான்றிதழ் பிரதி எடுக்க வந்தவர்.
அதாலேயே விசிறிக்கொண்டு
பொறுமையாக நின்றார்.

"மட்டக்களப்பு" என்றேன்.
கடைசி வரிசைவரை கேட்டிருக்கும்.
"இரண்டாவதா?"
"யாழ்ப்பாணம்."
மவுஸ் இரண்டு தரம் சொடுக்கியது.
நூற்றைம்பது ரூபாய்.

வீட்டில் அம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தா.
"யாழ்ப்பாணம் தானே போட்டனி?"
"போட்டனான்."
பொய்யில்லை.
கிணற்றடிக்குப் போய்
வாளி முட்ட உண்மையான தண்ணீர் அள்ளி
ஒன்றுமே சுமக்காதவள்போலக்
குசினிவரை நடந்தேன்.
தோள் இறங்கவில்லை. முகம் அசையவில்லை.

அம்மா வெங்காயத்தை வைத்துவிட்டு
என் காலடியைப் பார்த்தா.
"சிந்துது பிள்ளை" என்றா.
"கீழ வச்சிட்டுச் சொல்லு."