மீனில்லாத முதல் மாதம்

பல் டாக்டர் கிளினிக்கைக் காலி செய்தபோது
எண்ணூறு ரூபாய்க்குத் தள்ளிவிட்டுப் போன தொட்டி.
இரண்டடி நீளம்.
விரிசல் மூலையில் சிலிக்கான் பூசி
இரண்டு நாள் வாசலில் நிறுத்திப் பார்த்தேன்.
ஒழுகவில்லை.

ஒழுகல் எனக்குத் தெரியும்.
அம்மாப்பேட்டையில் நாற்பத்தோரு தெருவுக்கு
வால்வு திறக்கிறவள் நான்.
விடிகாலை நாலு மணிக்கு
நீளச் சாவியைக் குழிக்குள் இறக்கிப்
பதினெட்டுச் சுற்று.
மேட்டூரிலிருந்து வந்த ஆறு
என் காலுக்கடியில் இருமத் தொடங்கும்.
முதலில் காற்று
பிறகு துரு
பிறகுதான் தண்ணீர்.

அந்தத் தண்ணீரைத்தான்
குளோரின் போகட்டுமென்று
குடங்களில் திறந்து வைத்திருந்தேன்.
'நாலு நாளைக்கு ஒருக்கா வர்ற தண்ணி,
அதப் போயி புல்லுக்கு ஊத்துறியா?'
பாவாயி அக்கா மாடியிலிருந்தே கேட்டாள்.
நான் பதில் சொல்லவில்லை.
ஊருக்கெல்லாம் ஓட விடுகிறவள்
அறுபது லிட்டரை மட்டும்
நிற்க வைத்துப் பார்க்க ஆசைப்பட்டால்
அதற்கு மாநகராட்சியில் விண்ணப்பம் கிடையாது.

ஐந்து ரோட்டுக் கடையில் இர்ஃபான்
ஈரச் செய்தித்தாளில் சுற்றித் தந்தான்.
ஒரு பிடி வேலம்பாசி,
ரிப்பன் போல வாலிஸ்னேரியா,
பெரணி ஒரு துண்டு,
அமேசான் வாள் என்று ஒன்று.
வாளெல்லாம் இல்லை, வெண்டைக்காய் நீளத்தில் நாலு இலை.
'மீனுக்கு ஒரு மாசம் கழிச்சு வாங்கக்கா.
தண்ணி இன்னும் தண்ணி ஆகல.'

இருபது வருஷ சர்வீஸில்
இன்ஜினியர் யாரும் சொல்லாத வாக்கியம்.

மாதையன் ஏற்காட்டிலிருந்து லாரி இறக்கி வந்தான்.
மிளகு மூட்டைகளுக்கிடையே ஒரு காப்பி வேர்,
யாரோ கோபத்தில் உதறிய கை மாதிரி.
கறிக்குண்டானில் மூன்று தடவை வேகவைத்தேன்.
வீடு முழுக்க மழை நின்ற எஸ்டேட் வாசனை.
பெரணியைத் தையல் நூலால் அதில் கட்டினேன்.
காலையில் பார்த்தால் தொட்டி நிறைய டிகாஷன்.
'பால் மட்டும் ஊத்து' என்றான் மாதையன்.

நட்டேன். மிதந்தது.
நட்டேன்.
புருவம் பிடுங்கும் சாமணத்தால்
சரளைக்குள் வேரை அழுத்திப் பிடித்து
நூறு எண்ணினேன்.
கையை எடுத்ததும் மிதந்தது.

கேபிள் பையன் கேட்டான், மீன் எங்கே.
கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவர் கேட்டார், மீன் எங்கே.
குனிந்து, கண்ணாடியில் மூக்கை ஒட்டி,
வேருக்குப் பின்னால் கூடத் தேடிவிட்டு
என்னைப் பார்த்தார்.

இரண்டாம் வாரம் வாள் கரைந்தது.
இலை முதலில் கண்ணாடியானது,
பிறகு கஞ்சி.
'இடம் மாறினா அப்படித்தான் அக்கா.
வேரப் புடுங்கி மட்டும் பாத்துறாதீங்க.'
போனை வைத்ததும்
பிடுங்கிப் பார்த்தேன்.
வெள்ளையாக மூன்று இழை, புதுசு.
திரும்பப் புதைத்தேன்.
இர்ஃபானிடம் சொல்லவில்லை.

நேற்று பட்டைக்கோயில் பக்கம் பைப் வெடித்தது.
முழங்கால் சேற்றில் நின்று
தெருவே திட்டியதைக் கேட்டுவிட்டு
ராத்திரி இரண்டேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன்.
விளக்கைப் போட மனமில்லை,
தொட்டி விளக்கை மட்டும் போட்டேன்.

கடுகளவு நத்தை.
நான் வாங்கவில்லை. பில்லில் இல்லை.
ஏதோ ஓர் இலையின் அடியில்
செய்தித்தாளுக்குள் ஒளிந்து வந்து
இத்தனை நாளும் இங்கேயே இருந்திருக்கிறது.
கண்ணாடியில் படிந்த பச்சையைத் தின்றபடி
தன் அகலத்துக்கு ஒரு தெளிந்த கோடு போட்டு
மேலே ஏறிக்கொண்டிருந்தது.

காக்கிச் சட்டையில் சேறு காய்ந்து இறுகியது.
நாலு மணிக்கு இன்னும் நேரம் இருந்தது.
நாற்காலியை இழுத்துப் போட்டேன்.